போய்வந்தால் எண்ணம் மாறுமா? பிரான்ஸ் – ஜெர்மனி மாணவர் பரிமாற்றம் சொல்லும் கதை

நம் ஊர்த் தனியார் பள்ளிகளின் விளம்பரங்களில் ‘நாசா டூர்’ இப்போது வழக்கமாகிவிட்ட வரி. பிள்ளைகள் விமானம் ஏறுகிறார்கள், விண்வெளி மையத்தைச் சுற்றிப் பார்க்கிறார்கள், டிஸ்னியில் ஒரு நாள் கழிக்கிறார்கள், ராத்திரி ஏதாவது இந்திய ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு அறைக்குத் திரும்புகிறார்கள். பல லட்சம் கட்டும் பெற்றோருக்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று: “எக்ஸ்போஷர் கிடைக்கும், வேற கல்ச்சர் தெரியும்.” கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், போய்வந்த மாத்திரத்தில் இன்னொரு நாட்டு மக்களைப் பற்றி மனத்தில் இருந்தது மாறிவிடுமா?

இந்தக் கேள்வியை வைத்து இரண்டு அரசாங்கங்கள் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பணம் போட்டுப் பார்த்திருக்கின்றன. பிரான்சும் ஜெர்மனியும். பதிலைத் தேட அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

1870க்கும் 1945க்கும் இடையில் இந்த இரு நாடுகளும் மூன்று முறை மோதிக்கொண்டன. நடுவில் கிடந்த அல்சாஸ் பகுதி யார் ஜெயித்தார்களோ அவர்கள் கைக்குப் போனது. 1865இல் அங்குள்ள ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் பிறந்து எண்பது வயதுவரை இருந்த ஒரு பெண், வீடு மாறாமலே நான்கு முறை நாடு மாறியிருப்பாள். ‘பரம்பரை எதிரி’ என்பது இரு பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பழகிப்போன பேச்சு. அடுத்தவன் எப்படிப்பட்டவன் என்பது கேட்டு அறிய வேண்டிய விஷயமாகவே யாருக்கும் படவில்லை. தாத்தாவும் அப்பாவும் சொல்லிவைத்துவிட்டார்கள்.

இதை மாற்றும் வேலையை முதலில் தொடங்கியவை ஊர்கள். தெற்கு ஜெர்மனியின் லுட்விக்ஸ்பூர்க்கும் கிழக்குப் பிரான்சின் மொன்பெலியாரும் 1950இலேயே இரட்டை நகரங்களாயின. போர் முடிந்து ஐந்தே ஆண்டு. பாட்டுக் குழுக்களும் விளையாட்டுச் சங்கங்களும் பள்ளி ஆசிரியர்களும் எல்லை தாண்டத் தொடங்கிய பிறகுதான் தலைவர்கள் வந்தார்கள். அதே லுட்விக்ஸ்பூர்க்கின் அரண்மனை முற்றத்தில் 1962 செப்டம்பர் 9 அன்று பிரெஞ்சு அதிபர் சார்ல் தெ கோல், ஜெர்மன் இளைஞர்களிடம் ஜெர்மன் மொழியிலேயே பேசினார். முதல் உலகப் போரில் வெர்தன் அருகே பிடிபட்டு ஜெர்மனியில் கைதியாக இருந்தவர் அவர். இரண்டாம் போரில் ஜெர்மனியை எதிர்த்த பிரெஞ்சுக்காரர்களுக்குத் தலைவர். அந்த மனிதர் வந்து, பெரிய தவறுகளும் செய்த ஒரு பெரிய இனத்தின் பிள்ளைகளாகப் பிறந்ததற்கு உங்களை வாழ்த்துகிறேன் என்ற பொருள்படச் சொன்னபோது, எதிரே இருந்தவர்களில் பலர் போரின்போது கைக்குழந்தைகள். குற்றவாளியின் பிள்ளை என்ற பேச்சையே அதுவரை கேட்டு வளர்ந்தவர்கள்.

அடுத்த ஜனவரி 22இல் தெ கோலும் ஜெர்மன் பிரதமர் அடெனாவரும் எலிசே ஒப்பந்தம் என்ற நட்புறவு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதன் விளைவாக 1963 ஜூலையில் பிறந்தது பிரெஞ்சு–ஜெர்மன் இளைஞர் அலுவலகம். இரு அரசுகளும் அதற்குச் சரிசமமாகப் பணம் தருகின்றன. இதுவரை 90 லட்சத்துக்கும் மேற்பட்ட இளையோர் அதன் திட்டங்களில் போய்வந்திருக்கிறார்கள்.

பரிமாற்றம் எப்படி நடக்கிறது? பொதுவான வடிவம் இதுதான். இரண்டு பள்ளிகள் கைகோத்துக்கொள்ளும். ஆசிரியர்கள் இரு வகுப்புப் பெயர்ப் பட்டியல்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆளுக்கு ஆள் சோடி சேர்ப்பார்கள்: இவனுக்கும் கால்பந்து பிடிக்கும், அவள் வீட்டிலும் பூனை இருக்கிறது, இவளுக்குப் பூனை ஒவ்வாது. சில கடிதங்கள், இப்போது வாட்ஸ்அப். பிறகு ஒரு வாரமோ பத்து நாளோ சோடியின் வீட்டில் தங்கல். காலையில் அவனோடு அவன் பள்ளிக்குப் போக வேண்டும், மாலையில் அவன் அம்மா கொடுப்பதைச் சாப்பிட வேண்டும். சில மாதம் கழித்து அவன் இவன் வீட்டுக்கு வருவான். நீண்ட காலத் திட்டங்களும் உண்டு. பிரிஜித் சோசே பெயரில் உள்ளது மூன்று மாதம். வோல்தேர் திட்டத்தில் ஆறு மாதம் அங்கே, அதே சோடிக்கு ஆறு மாதம் இங்கே.

சோடி வீட்டில் முதல் நாள் இரவே குழப்பம் ஆரம்பிக்கும். ஜெர்மன் வீடுகள் பலவற்றில் மாலை ஆறரைக்கு மேசையில் ரொட்டி, சீஸ், இறைச்சித் துண்டுகள், ஊறவைத்த வெள்ளரி. அடுப்புப் பற்றவைத்த அடையாளமே இருக்காது. பிரெஞ்சுப் பிள்ளை ஒரு துண்டைக் கடித்துவிட்டுச் சாப்பாடு வரும் என்று காத்திருக்கும். அதற்குள் மேசையைத் துடைத்துவிடுவார்கள். அது தொடக்கமல்ல, அதுதான் சாப்பாடே. பிரெஞ்சு வீட்டில் நிலைமை நேர்மாறு. எட்டு மணிக்கு உட்கார்ந்தால் முதலில் ஏதோ ஒரு சிறு பதார்த்தம், பிறகு உண்மையான சாப்பாடு, பிறகு சீஸ், பிறகு இனிப்பு. நடுநடுவே பேச்சு. பசியில் முதல் தட்டோடு ரொட்டியை வயிறு முட்டத் தின்றுவிட்ட ஜெர்மன் பிள்ளை, முக்கியப் பதார்த்தம் வரும்போது திணறும். இரண்டு பேரும் அன்றிரவு வீட்டுக்கு அனுப்பும் செய்தி ஏறக்குறைய ஒன்றுதான்: இவங்க ஒரு மாதிரி ஆளுங்க.

சாப்பாடாவது சிரித்துவிட்டுப் போகலாம். பள்ளிக்கூடத்தில் விஷயம் கொஞ்சம் ஆழமாகிறது. ஜெர்மன் வகுப்பில் பிள்ளைகள் கையைத் தூக்கிக்கொண்டே இருக்கிறார்கள், ஆசிரியர் சொன்னதை மறுத்துப் பேசுகிறார்கள். பிரெஞ்சு மாணவிக்கு இது மரியாதைக் குறைவாகப் படுகிறது. ‘திமிர் பிடித்தவர்கள்’ என்று வீட்டில் கேள்விப்பட்டது சரிதான் போல. ஜெர்மன் மாணவன் பிரெஞ்சு வகுப்பில் போய் உட்கார்ந்தால் அங்கே எல்லாரும் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஆசிரியர் பேசுகிறார், பேனாக்கள் ஓடுகின்றன. ‘சுயமாக யோசிக்கத் தெரியாதவர்கள்’ என்று அவனுக்குத் தோன்றுகிறது. இருவரும் பார்த்தது உண்மை. ஆனால், இருவரும் அதை அந்த மக்களின் குணமாக எடுத்துக்கொண்டார்கள்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ பிரெஞ்சுப் பெண் தன் சோடியிடம் கேட்கிறாள்: “ஏன் எல்லாரும் வாத்தியார்கிட்ட இப்படிச் சண்டை போடறீங்க?” சோடிக்குக் கேள்வியே புரியவில்லை. பிறகு சொல்கிறாள்: “பேசலன்னா மார்க் போயிடுமே!” ஜெர்மன் பள்ளிகளில் வகுப்பில் வாய் திறந்து பங்கெடுப்பதற்கும் மதிப்பெண் உண்டு. பல பாடங்களில் அது எழுத்துத் தேர்வுக்கு நிகராகக்கூட இருக்கும். பிரான்சிலோ கனத்தைத் தாங்குவது எழுத்துத்தான். அங்கே குறிப்பெடுக்காதவன் பரீட்சையில் மாட்டிக்கொள்வான். ஆக, திமிரும் இல்லை, அசட்டுத்தனமும் இல்லை. மதிப்பெண் போகும் வழி வேறு, அவ்வளவுதான்.

மாணவர் பயணம் ஒரு மனிதரின் பார்வையை மாற்றுகிறது என்றால், என் கணிப்பில், மாற்றுகிற இடம் இதுதான். குணம் என்று நினைத்தது ஏற்பாடு என்று தெரியவருவது. ‘அவங்க அப்படித்தான்’ என்பது ‘அங்க அப்படி வெச்சிருக்காங்க’ என்று மாறும். இரண்டாவது வாக்கியத்தைச் சொல்ல வந்தவன் அடுத்த மூச்சில் தன் ஊரைப் பற்றியும் கேட்டாக வேண்டும்: அப்படியென்றால் எங்கள் ஊரில் வைத்திருப்பதும் வெறும் ஏற்பாடுதானா?

மதிப்பெண் முறையே இதற்கு இன்னொரு எடுத்துக்காட்டு. ஜெர்மனியில் கீழ் வகுப்புகளில் 1 என்றால் பிரமாதம், 6 என்றால் படுதோல்வி. பிரான்சில் எல்லாம் இருபதுக்கு. அதிலும் 20 யாருக்கும் எளிதில் கிடைக்காது, 15 வாங்கியவன் பெருமையாக வீட்டுக்குப் போகலாம். ஜெர்மன் தோழி ‘1’ வாங்கிவிட்டுக் குதிப்பதைப் பார்த்துப் பிரெஞ்சுப் பிள்ளை ஆறுதல் சொல்லப் போன கதைகளுக்குப் பஞ்சமிருக்காது. பள்ளி நேரமும் அப்படித்தான். ஜெர்மனியில் காலங்காலமாகப் பள்ளி மதியத்தோடு முடிந்தது (முழுநாள் பள்ளிகள் இப்போது பெருகிவருகின்றன). பிரான்சில் மாலை ஐந்துவரை ஓடும். ‘ஜெர்மன் பசங்களுக்கு எவ்வளவு பொழுதுபோக்கு, எத்தனை சங்கங்கள்’ என்ற வியப்புக்கும், ‘பிரெஞ்சுத் தாய்மார்கள் எப்படி முழுநேர வேலைக்குப் போகிறார்கள்’ என்ற வியப்புக்கும் விடை அந்த மணியடிப்பில் இருக்கிறது.

நள்ளிரவில், வண்டி ஒன்றுகூட இல்லாத தெருவில், சிவப்பு விளக்கைப் பார்த்து நிற்கும் ஜெர்மன்காரரைப் பற்றிய கேலி உலகம் முழுக்க உண்டு. அந்த வீட்டில் தங்கியிருக்கும் பிள்ளைதான் கம்பத்தில் ஒட்டியிருக்கும் வாசகத்தைக் கவனிக்கிறது: பச்சை விழுந்தால் மட்டும், குழந்தைகளுக்காக. யார் வீட்டுக் குழந்தையாவது சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கலாம் என்பது அங்கே சொல்லப்படும் நியாயம். ஒப்புக்கொள்வதும் கேலியைத் தொடர்வதும் அவரவர் விருப்பம். ஆனால் ‘இயந்திர மனிதர்கள்’ என்ற பழைய விளக்கம் இனி அவ்வளவு எளிதாக வாயில் வராது.

சுற்றுலாவாகப் போனால் இதெல்லாம் ஏன் நடப்பதில்லை? பார்ப்பது அதே தெரு, அதே ரொட்டி. சுற்றுலாவில் “ஏன்?” என்று கேட்க ஆளில்லை. வழிகாட்டிக்குப் பணம் கொடுத்திருக்கிறோம், ஓட்டல் பணியாளருக்கு டிப்ஸ் கொடுக்கப்போகிறோம். ஒருவர் வாங்குபவர், ஒருவர் விற்பவர். அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இலேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். இரு குழுக்கள் சந்தித்தால் மட்டும் தப்பெண்ணம் குறையாது. சந்திப்பில் இருவரும் சம நிலையில் இருக்க வேண்டும், பொதுவான ஓர் இலக்கு வேண்டும், அதற்காகச் சேர்ந்து வேலை செய்ய வேண்டும், மேலே இருப்பவர்கள் அதை ஆதரிக்க வேண்டும் என்றார். ஐம்பது ஆண்டு கழித்து, 2006இல், தாமஸ் பெட்டிகுருவும் லிண்டா ட்ராப்பும் 515 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். சந்திப்பு பொதுவாகத் தப்பெண்ணத்தைக் குறைக்கிறது, ஆல்போர்ட் சொன்ன நிபந்தனைகள் இருந்தால் இன்னும் நன்றாகக் குறைக்கிறது என்று வந்தது.

பிரெஞ்சு–ஜெர்மன் பரிமாற்றத்தில் இந்தச் சமநிலை ஏற்பாட்டிலேயே தைக்கப்பட்டிருக்கிறது. இன்று விருந்தாளியாக அசடு வழிபவன் இன்னும் நான்கு மாதத்தில் வீட்டுக்காரன். தன் வீட்டில் தங்கவரும் பையன் எதைக் கண்டு முழிப்பான் என்று அப்போது யோசிக்க வேண்டிவரும். தன் அம்மா சமைப்பதை, தன் அப்பா கத்துவதை, தன் ஊர் பேருந்து தாமதமாக வருவதை எல்லாம் அந்தப் பையனின் கண்ணால் பார்க்கத் தொடங்குவான். போவதைவிட வரவேற்பது அதிகம் கற்றுத்தருகிறது என்று நான் நினைப்பது இதனால்தான். ஒரு பக்கம் மட்டும் போய்வரும் திட்டங்களில் இந்தப் பாதி விட்டுப்போகிறது.

போனவர்கள் எல்லாரும் அன்போடு திரும்பினார்கள் என்றும் இல்லை. எகிப்துக் கல்வித்துறையைச் சேர்ந்த சையித் குத்ப் 1948இல் அமெரிக்கக் கல்வி முறையைப் படிக்க அனுப்பப்பட்டார். அப்போது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. கொலராடோ மாநிலத்தின் கிரீலி ஊர்க் கல்லூரியில் அவர் கழித்த மாதங்களைப் பற்றிப் பின்னால் நிறைய எழுதினார். தேவாலயக் கூடத்தில் நடந்த ஒரு நடன நிகழ்ச்சி, வீட்டுப் புல்தரைகளைப் பற்றியே பேசும் அண்டை வீட்டார், ஜாஸ் இசை – எல்லாமே அவருக்குச் சீரழிவின் சான்றுகளாயின. கிரீலியோ மது விற்பனையே தடைசெய்யப்பட்டிருந்த, கட்டுப்பெட்டியான ஊர். 1950இல் முன்னைவிட இறுகிய மனத்தோடு நாடு திரும்பினார். இஸ்லாமியவாத அரசியலின் முக்கியச் சிந்தனையாளர்களில் ஒருவர் ஆனது அதற்குப் பிறகு. பயணம் அவரிடம் ஒரு எண்ணத்தையும் உடைக்கவில்லை. ஏற்கெனவே இருந்ததற்குச் சான்று சேர்த்துக் கொடுத்தது.

இவ்வளவு தூரம் போக வேண்டாம், எராஸ்மஸ் திட்டத்தையே பார்க்கலாம். 1987இல் 11 நாடுகளில் 3,244 மாணவர்களோடு தொடங்கிய இந்த ஐரோப்பியத் திட்டம் இன்று பல்கலைக்கழக வாழ்வின் அங்கம். ஒரு பருவமோ ஓராண்டோ வேறு நாட்டில் படிக்கலாம். ஆனால் அங்கே போகிற மாணவர் பலர் தங்குவது வெளிநாட்டு மாணவர் விடுதியில், பழகுவது தம்மைப் போன்ற இன்னொரு எராஸ்மஸ் மாணவரோடு. பார்சலோனாவில் ஓராண்டு இருந்துவிட்டு ஒரு கத்தலான் வீட்டின் அடுப்பங்கரையைக்கூடப் பார்க்காமல் திரும்ப முடியும். இம்மானுவல் சிகாலாஸ் 2010இல் வெளியிட்ட ஆய்வில், இந்தத் தங்கல் மாணவர்களின் ஐரோப்பிய அடையாள உணர்வை வலுப்படுத்தவில்லை என்று கண்டார். தெரேசா கூன் 2012இல் வேறொரு பக்கத்தைக் காட்டினார். திட்டம் போய்ச் சேர்வதே படித்த, ஏற்கெனவே ஐரோப்பாவை ஏற்றுக்கொண்ட பிள்ளைகளிடம். மாற வேண்டிய மனங்கள் விண்ணப்பப் படிவமே வாங்குவதில்லை.

இந்த இடத்தில் பள்ளிப் பரிமாற்றத்துக்கும் தலைகுனிவு உண்டு. சோடியை வீட்டில் தங்கவைக்க ஒரு கட்டில் கூடுதலாக வேண்டும். இரண்டறை வாடகை வீட்டில் நான்கு பேர் இருக்கிற குடும்பம் கையெழுத்துப் போடத் தயங்கும். “எங்க வீட்ட பாத்து அவங்க என்ன நினைப்பாங்க” என்ற கூச்சம் மொழி பார்த்து வருவதில்லை. பாரிஸ் புறநகரிலோ ஜெர்மனியின் ரூர் பகுதியிலோ குடியேறிகள் வீட்டுப் பிள்ளைகள் பின்வாங்குவதற்கு இந்தக் கூச்சமும் ஒரு காரணமாகிவிடும். ‘உண்மையான பிரெஞ்சு வீடு’ ஒன்றை எதிர்பார்த்து வந்த ஜெர்மன் மாணவிக்கு ஈழத்தமிழர் வீட்டு மேசையில் புட்டும் சம்பலும் கிடைத்தால் அது குறையா? இன்றைய பிரான்சைப் பற்றி அதைவிட நேர்மையான பாடம் கிடைப்பது கடினம் என்பேன். இளைஞர் அலுவலகம் தொழிற்பயிற்சி மாணவர்களுக்கும் தனித் திட்டங்கள் வைத்திருப்பதை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். பேக்கரியில் வேலை பழகும் பையன் அடுத்த நாட்டு பேக்கரியில் சில வாரம் மாவு பிசைந்தால், ஆல்போர்ட் கேட்ட நான்கில் பெரும்பகுதி அங்கேயே தேறிவிடும்.

போர் பற்றிய பேச்சு சாப்பாட்டு மேசையில் வந்ததா என்று கேட்கலாம். 1940இல் பிரான்ஸ் தோற்றபோது சுமார் 18 லட்சம் பிரெஞ்சு வீரர்கள் கைதானார்கள், பெரும்பாலோர் ஜெர்மனிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அறுபதுகளில் ஜெர்மன் பையனை வரவேற்ற வீடுகளில் அப்படி ஒரு அப்பா இருந்திருக்க வாய்ப்பு அதிகம். இன்றைய பிள்ளைகளுக்கு அது பாட்டனின் பாட்டன் கதை. அதனால் சடங்காகிவிடும் ஆபத்தும் உண்டு. 2016இல் வெர்தன் போரின் நூற்றாண்டு நினைவில் இரு நாடுகளையும் சேர்ந்த சுமார் 3,400 இளையோர் கல்லறைகளுக்கிடையே ஓடிவரும்படி நிகழ்ச்சி அமைத்தார்கள். பிரான்சில் பலர் முகம் சுளித்தார்கள். எனக்கு இதைவிட உருப்படியாகப் படுவது பாடப்புத்தகம். 2003இல் பெர்லினில் கூடிய இரு நாட்டு இளைஞர் நாடாளுமன்றம், இருவருக்கும் பொதுவாக ஒரே வரலாற்றுப் புத்தகம் வேண்டும் என்று கேட்டது. 2006இல் முதல் தொகுதி வந்தது. பக்கத்துக்குப் பக்கம் அதே பாடம், ஒன்று பிரெஞ்சில், ஒன்று ஜெர்மனில். எழுதியவர்கள் அதிகம் முட்டிக்கொண்டது ஹிட்லரைப் பற்றி அல்ல, போருக்குப் பிறகான அமெரிக்காவை எப்படிச் சொல்வது என்பதில்.

இந்த மாதிரியைப் பார்த்து ஜெர்மனியும் போலந்தும் 1991இல் தங்களுக்கென ஓர் இளைஞர் அலுவலகம் அமைத்தன. 2016இல் மேற்கு பால்கன் நாடுகள் திரானாவைத் தலைமையிடமாகக் கொண்டு ஒன்றைத் தொடங்கின. அங்கே செர்பியப் பிள்ளையும் கொசோவோப் பிள்ளையும் உட்கார வேண்டிய மேசையில் போர்க்காயம் இன்னும் ஆறவில்லை.

மூலத் திட்டத்துக்கோ இப்போது வேறு தலைவலி. பிரான்சில் ஜெர்மன் படிப்பவர்களும் ஜெர்மனியில் பிரெஞ்சு படிப்பவர்களும் குறைந்துகொண்டே போகிறார்கள். சோடி சேர்ந்த பிள்ளைகள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்கிறார்கள். இதில் ஒரு நன்மையும் இருக்கிறது. முன்பெல்லாம் விருந்தாளி மட்டும் தடுமாறுவான், இப்போது இருவரும் சமமாகத் தடுமாறுகிறார்கள். ஆனால் ஆங்கிலம் அந்த அறையைத் தாண்டிப் போகாது. சமையலறையில் இருக்கும் அம்மாவிடமும், ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரும் பாட்டியிடமும், தெருமுனை ரொட்டிக் கடைக்காரரிடமும் “ஏன் இப்படி?” என்று கேட்க முடியாது. சோடிப் பையனிடம் கேட்டால் பதினைந்து வயதுக்காரனுக்குத் தெரிந்த பதில்தான் வரும். இரு நாட்டு ஆசிரியர்களும் புறப்படும் முன் சில மாதமாவது அடுத்தவர் மொழியைக் கற்றுக்கொடுத்தே தீருவோம் என்று மல்லுக்கட்டுவதில் பழமைப் பிடிவாதம் கொஞ்சம் இருக்கலாம். இந்த ஒரு விஷயத்தில் நான் அவர்கள் பக்கம்.